எமிலியானா பூ வைத்த பலகை

விரல்கள் நைலோன் கயிற்றை வளைத்து, கண்ணிக்குள் விட்டு, இழுத்து இறுக்கின. கட்டைவிரல் ஒவ்வொரு முடிச்சையும் தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போனது. ஒரு கண் கொஞ்சம் பெரிதாகப் பட்டாலும் அந்த வரிசை முழுதும் அவிழ்ந்து திரும்பக் கட்டப்பட்டது. கதிரை முதுகில் தொங்கவிட்ட இரும்பு வளையத்திலிருந்து வலை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

விரல்கள் லூர்துவுடையவை. மன்னாரில் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவர். இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தாத் தெருப் பக்கத்து மாடிப்படிகளைத் துடைத்துப் பிழைக்கிறார். திருநாள் வந்தால் தமிழ்ப் பங்கு மக்களுக்கு மாதா சொரூபக் கூடு செய்வதும் வளைவு கட்டுவதும் அவர்தான். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை; பார்த்துப் பார்த்துப் பழகிய கை. பழகியதைத் தவிர வேறொன்றும் அந்தக் கைக்கு வராது, எதைச் செய்தாலும் மாதா கூடு மாதிரியே வந்து நிற்கும் என்பதுதான் சிக்கல். வீட்டுக்குச் செருப்புத் தட்டு செய்தபோது, விருந்துக்கு வந்த யோகாம்பாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இதற்குள் வைக்கலாமா என்று தயங்கி நின்றார். தொலைக்காட்சி மேசைக்கு முன்னால் ஒருவர் முழந்தாளிட்டே விட்டார்.

இந்த முறை அவர் செய்தது கூடைப்பந்துக் களம். மகள் லக்ஷனாவின் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கூரை ஒழுகி, பூட்டிவிட்டார்கள். போட்டி நெருங்கிவிட்டது; பழக இடமில்லை. எங்கள் வீட்டில் களம் இருக்கிறது, ஞாயிறு வாருங்கள் என்று லக்ஷனா அணிக்குச் சொல்லிவிட்டாள். சொன்னபோது களம் இருக்கவில்லை. இவர்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய ஒழுங்கை வீடுகளில் பின்வளவு இருப்பதே அதிசயம். இவர்களுடையதில் பழுதான குளிர்சாதனப் பெட்டியும் மேல்மாடி எமிலியானாவின் துளசி மாதிரியான பசில் சாடிகளும் மட்டும் இருந்தன.

"கோர்ட் இல்லாட்டி நான் பள்ளிக்கூடம் போகமாட்டன், அப்பா. முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

லூர்து களத்தில் இறங்கினார். கட்டட வேலை முடிந்த இடத்தில் கேட்டு வாங்கிய சாரக்குழாய் கம்பமாயிற்று. குப்பையருகே நின்ற அலுமாரிக் கதவு வளையத்துக்குப் பின்னால் நிற்கும் பலகையாயிற்று. ஆணியும் நூலும் வைத்துத் தரையில் கோடு கீறினார். மூன்று புள்ளிக் கோடு பாதி வழியில் மதிலில் முட்டியது. அளவென்றால் அளவு. கோட்டை மதிலில் ஏற்றி, வளைவு கெடாமல் மறுபடி தரைக்கு இறக்கினார்.

பலகைக்குத்தான் கை தன் புத்தியைக் காட்டியது. மூலை மொட்டையாக நின்றால் லூர்துவுக்குச் சாப்பாடு இறங்காது. எனவே மேலே ஒரு வளைவு. வீட்டில் மிஞ்சிக் கிடந்தது திருநாள் சாயம். எனவே நீலம், வெள்ளைக்கரை, ஓரத்தில் பொன்.

அடுத்த நாள் காலையில் கம்பத்தடியில் சிவப்புக் கார்னேஷன் பூக்கள் இருந்தன.

எமிலியானா கணவனை இழந்தவர். அவர் பிறந்து வளர்ந்த அந்தத் தெருக்களில் மூலைக்கு மூலை சுவரில் ஒரு புனிதர் இருப்பார். நீல வளைவைக் கண்டதும் அவருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. எந்தப் புனிதர் என்று லூர்து கேட்டதற்கு, அது தன் வேலையில்லை, நேரம் வரும்போது அவரே சொல்லுவார் என்றார். மாலையில் மெழுகுதிரி வந்தது. மறுநாள் சந்தை மீன்காரர் வந்து தன் முழங்காலுக்காக வேண்டிக்கொண்டு போனார்.

லூர்து பலகைக்குச் செம்மஞ்சள் அடித்தார். மகிமையின் நிறம் என்று எமிலியானா மகிழ்ந்தார். லூர்து வளைவை அரிந்து எடுத்தார். யார் இந்தப் பாவத்தைச் செய்தது என்று எமிலியானா அழுத அழுகையில், லூர்துவே ஏணி வைத்து ஏறித் திரும்ப ஆணியடித்தார்.

சனிக்கிழமை, வளையமும் வலையும் பலகையில் ஏறிய பிறகும் பூ வந்தபோது, மனைவி அமலினி பொறுமை இழந்தாள்.

"விடுங்கோ. ஒருக்காப் பந்து விழுந்தா அவவுக்கு விளங்கும்."

அமலினி மன்னாரில் பள்ளி வலைப்பந்து அணிக்குக் கோல் போட்டவள். வலைப்பந்தில் பலகை கிடையாது. வளையத்தை மட்டும் பார்த்துப் போடவேண்டும். அவள் நின்று, முழங்காலை மடித்து, பந்தைத் தள்ளினாள். பந்து பலகையைத் தொடவேயில்லை. நேராக வளையத்துக்குள் இறங்கியது. இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

படியில் நின்ற எமிலியானா "மிராக்கோலோ" என்று மெதுவாகச் சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டு முழந்தாளிட்டார். புனிதர் காணிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டார். அற்புதம் பத்தடி உயரத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, வலைக்கு அடி கட்டி வச்சிருக்கிறியளோ?"

"கட்டாட்டி மீன் போயிடுமெல்லோ."

"எந்த மீன்?"

லூர்து தன் விரல்களைப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக உள்ளே வந்ததை வெளியே விடாத கை அது. அவர் கத்தியோடு ஏணியை எடுத்துவந்தார். எமிலியானா விளக்குமாற்றோடு ஏணியடியில் வந்து நின்றார். காணிக்கை வாங்கிய புனிதரின் வயிற்றைக் கிழிப்பதா என்று அவர் படபடவென்று கேட்டதை லக்ஷனா தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு டீம் பிள்ளையள் வருவினம், அப்பா."

லூர்து கத்தியை மடித்தார். இது பந்து அடிக்கிற பலகை, புனிதர் குடியிருக்கிற இடமில்லை என்று எமிலியானாவிடம் சொன்னார். புனிதருக்கு வேண்டுமானால் மழை படாமல், உங்கள் வாசலுக்குப் பக்கத்தில், படியோரச் சுவரில் ஒரு வீடு செய்து தருகிறேன். வருவதும் வராததும் அவர் விருப்பம் என்றார். கண்ணாடி இருக்குமா என்று எமிலியானா கேட்டார். இருக்கும். விளக்கு? அதுவும். விளக்குமாறு தாழ்ந்தது.

இரவோடு இரவாகச் செய்த புனிதரின் வீட்டை, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சுவரில் மாட்டினார். மாட்டிய பிறகுதான் பார்த்தார். கிழமை முழுதும் களத்தையே நினைத்திருந்த கை, கூடைப்பந்துப் பலகை மாதிரியே பின்பலகையைச் சதுரமாக வெட்டி, நடுவில் ஒரு கட்டம் கீறி, பூச்சாடி வைக்கக் கீழே இரும்பு வளையமும் பொருத்தியிருந்தது. அமலினி சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எமிலியானா அந்தக் கட்டத்தை விரலால் தடவினார். பிறகு, புனிதருக்குச் சன்னலும் வைத்திருக்கிறாயே என்று லூர்துவின் கன்னத்தைக் கிள்ளினார். பூக்களையும் திரியையும் தன் கையாலேயே இடம் மாற்றினார். வேறு யாரையும் தொட விடவில்லை.

தெருக்கதவில் பெண்பிள்ளைகளின் சத்தம் கேட்டது. லூர்து ஏணியில் ஏறி, வலையின் அடி முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினார். பந்து அவர் நெஞ்சில் விழுந்தது. இறங்கி வந்து, அதைச் சட்டையில் துடைத்து, லக்ஷனாவின் கையில் வைத்தார்.

"இந்தா பிள்ளை, உன்ரை கோர்ட். பசில் சாடியைப் பாத்து விளையாடுங்கோ."