பிள்ளை அழுதால் யார் வரப்போகிறார்கள்?

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளிநாட்டுப் படம் ஒன்று போட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்த மாதிரிப் படமென்றால் உயிர். நாகலாபுரத்திலிருந்து பஸ் பிடித்து என்னையும் கைக்குழந்தையையும் கூட்டிப் போனார்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிள்ளைக்காரிகளுக்கு வழக்கம்போல் கதவோரம். பிள்ளை சிணுங்கினால் சட்டென்று வெளியே போக வசதியாம்! மகன் பிறந்ததிலிருந்து எந்தப் படத்துக்கும் எனக்கு முடிவு தெரியாது.

இது போர்க்காலத்துக் கதை. ஊரைப் பிடித்துக்கொண்ட பட்டாளத்துக்குப் பயந்து சனங்கள் நிலவறைக்குள் ஒளிந்திருக்கிறார்கள். பாஷை புரியாதென்று ஒருவர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். தலைக்கு மேலே பூட்ஸ் சத்தம். கீழே ஒருத்தி தன் குழந்தையின் வாயைப் பொத்துகிறாள். அது காலை உதைக்கிறது. அந்த நேரம் பார்த்து என் மகன் வீறிட்டான்.

"ஏம்மா, பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போங்க" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரரும் திரும்பி, போ என்று கண்ணைக் காட்டினார். அதுதான் சுருக்கென்றது. பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன். ஆனால் அந்தக் குழந்தை பிழைத்ததா என்று தெரியாமல் எப்படிப் போவேன்?

"நான் போகமாட்டேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "அங்கன பிள்ளை அழுதா பட்டாளத்துக்காரன் வருவான், அதான் அவ வாயப் பொத்துதா. இங்கன அழுதா யாரு வரப்போறா? நீங்கதான விரட்ட வாரீங்க!"

பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அக்கா, "உக்காரு தாயி, அழுதா அழுதுட்டுப் போவுது" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். மைக் பிடித்தவரும், "இருங்கக்கா, நான் சத்தமாச் சொல்லுதேன்" என்றார்.

மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே பார்த்தேன். பூட்ஸ் சத்தம் தள்ளிப் போனது. அவள் கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு குழந்தை அழுதது. நிலவறையில் ஒருவர்கூட அவளை அதட்டவில்லை. நானும் அழுதேன், சத்தமாகவே.

திரும்பும்போது வீட்டுக்காரர் நாலடி முன்னால் நடந்தார். நான் சமாதானம் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறுமுன் பிள்ளையை மட்டும் அவராகவே வாங்கிக்கொண்டார்.

அந்தப் பிள்ளைக்கு மீசை முளைத்தே வருஷக்கணக்காகிவிட்டது. நிஜமாகவே பட்டாளம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதுவரை யார் கண்ணைக் காட்டினாலும் என் வாயைப் பொத்திக்கொள்வதாக இல்லை.