இருபத்தோராவது சிசுவின் வலது தொடை

மூன்று ஆண்டுகளில் நாற்பத்திரண்டு தொடைகள். ஓஷ் நகர மருத்துவக் கல்லூரி ஒன்றின் உடற்கூறு அறையில், பிறக்காமலே போன இருபத்தொரு சிசுக்களின் மேல்தொடைகளை ஓர் ஆய்வுக் கட்டுரைக்காக உமுத்கான் ஒருத்தியே பிரித்து முடித்தாள். வயது ஐம்பத்தெட்டு.

உருப்பெருக்கிக்குக் கீழே ஊசியும் மெல்லிய இடுக்கியும்தான் கருவி. வெளிப்பக்கம் நரம்பு, நடுவில் தமனி, உள்பக்கம் சிரை. இந்த வரிசை அநேகமாக மாறாது. நரம்பின் கிளைகள்தான் ஆளுக்கொரு விதம். சில தலைமுடியைவிட மெல்லியவை.

கணவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்ப் பதினாறு வருடம். தகவல் இல்லை. அடுக்ககத்தில் தொட்டில் விழா என்றால் அவளை அழைப்பதில்லை. "செத்த சிசுவத் தொடுற கை, இங்க வேணாம்" என்று மாடிப்படியில் வைத்தே சொல்லிவிட்டார்கள். அவள் பேசுவதெல்லாம் தட்டில் கிடக்கும் சிசுவோடுதான். "கால கொஞ்சம் நகத்து, கண்ணு."

போன மாதம் வலது கை நடுங்கத் தொடங்கியது. தெரிந்தால் மேஜையிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பேராசிரியர் தாஷ்தெமிர் கடைசித் தட்டைப் பார்த்துத் துள்ளினார்.

"அக்கா! வலது பக்கத்துல தமனிக்குப் பின்னால போற நரம்புக் கிளையே இல்ல! இது ஒண்ணு போதும், நம்ம கட்டுரைய எல்லாரும் கேட்டு வாங்குவாங்க."

"இருந்துச்சு சார்."

"எங்க இருக்கு? காட்டுங்க."

"தமனியத் தூக்கும்போது அறுத்துட்டேன். கை நடுங்குது, ஒரு மாசமா. இங்க பாருங்க, நரம்புல அறுந்த முனை."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இத நான் பாக்கலன்னு வச்சுக்கலாமே. யாரு தோண்டப் போறா?"

"இதப் படிச்சிட்டு, அங்க நரம்பே இல்லன்னு நம்பி ஒரு சர்ஜன் குழந்தை தொடையில கத்தி வைப்பாரு சார்."

"நடுக்கம்னு எழுதிட்டா உங்கள இங்க உக்கார வைக்க முடியாது. அப்புறம் யாருகூடப் பேசுவீங்க? அடுப்புகூடவா?"

"அது பதில் சொல்லாது. இதுங்க மட்டும் என்ன சொல்லிச்சு?" என்று சிரித்தாள். ஆனால் தட்டை மூட அவளுக்கு மனம் வரவில்லை.

குறிப்பேட்டை இழுத்து, 'பிரிக்கும்போது அறுந்தது. என் கைத்தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். எழுத்து கோணலாக விழுந்தது.

திங்கட்கிழமை முதல் அவளுக்குக் கீழ்த்தளத்தில் குடுவை கழுவும் வேலை.