அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?

அப்பா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. தலைத்திவசத்துக்கு என்னென்ன செய்வது என்று பேசத்தான் பழனியில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து பஸ் பிடித்து மலையேறி வந்திருந்தேன். எங்கள் ஊர் செண்பகனூருக்குக் கீழே, ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேர நடை. பந்தல், பந்தி, யார் யாருக்குச் சொல்லிவிடுவது எல்லாம் பேசி முடித்தாயிற்று. இலையில் என்ன படைப்பது என்ற பேச்சு வந்தபோதுதான் சிக்கல்.

செத்தவருக்குப் பிடித்ததை முதலில் வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

"வடைதான். வேற என்ன?" என்றான் அண்ணன்.

"போடா, வெல்லக் கச்சாயம்னா அவனுக்கு உசுரு" என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா அவள். ஊரில் அவளை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

நானும் விடவில்லை. மொச்சைக் குழம்பு என்று அடித்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வடைக்காக ஊர் ஊராகப் போகிறவன் அண்ணன். அத்தைக்கு வெல்லம் போட்ட எதுவும் ஆகும். மொச்சை, சொல்லவே வேண்டாம், எனக்கு. யார் பக்கத்தில் உட்கார்ந்தாரோ அவர்கள் தின்றதை அப்பாவும் தின்றிருக்கிறார். அவரவர் நாக்கை அவர் வாயில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எனக்கே தெரியலையே. போட்டதைத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. நல்லாருக்குன்னும் சொன்னதில்ல, இல்லேன்னும் சொன்னதில்ல."

"பிடிச்சதை வைக்கலேன்னா பசியோட திரும்பிருவான், பாத்துக்க" என்றாள் அத்தை.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. இத்தனை வருடம் ஆக்கிப் போட்ட வீட்டிலிருந்து மனுசன் பசியோடு போவதா? எனக்கு அத்தை மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கோபத்தைவிட ஆவல் பெரிதாக இருந்தது. கூடவே இருந்த ஒரு ஆளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவருக்குமே தெரியாமல் எப்படிப் போகும்? ஒன்று மண்டைக்குள் புகுந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மறுநாள் வெள்ளனே அண்ணனை இழுத்துக்கொண்டு கொடைக்கானல் சந்தைக்குக் கிளம்பினேன். பந்திக்குக் காய்கறி வாங்க என்று பேர். அப்பாவிடம் பூண்டு வாங்கிய வியாபாரியைத்தான் முதலில் தேடிப் பிடித்தேன். விசாரித்ததும் அவர் சிரித்தார். "என்கிட்ட டீ கூடக் குடிச்சதில்ல. செண்பகனூர் ரொட்டிக் கடைல கேளுங்க. சரக்கு வித்ததும் அங்கதான் வெரசா ஓடுவாரு."

திரும்பும் வழியில் அந்தக் கடைக்குப் போனோம். அப்பா பேரைச் சொன்னதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரு மகளா? மூக்கு அப்படியே இருக்கு. பன்னு சூடா இருக்கணும், பட்டர் ரெண்டு பக்கமும் தடவணும். ரெண்டு பன்னு தின்னுட்டு கண்ண மூடிட்டு ஒரு நிமிசம் உட்காந்திருப்பாரும்மா."

கண்ணை மூடிக்கொண்டு தின்கிற அப்பாவை நான் பார்த்ததே இல்லை. சந்தையிலிருந்து எங்களுக்குப் பொரிகடலை கொண்டுவருவார், பன்னை மட்டும் கொண்டுவந்ததில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன், வீட்டுக்குக் கட்டித் தரவான்னு. வேணாம், அவ எனக்காக ஆக்கி வச்சுட்டுக் காத்துக் கெடப்பா, கடைல தின்னேன்னு தெரிஞ்சா மனசு சங்கடப்படும்னாரு."

பன் பொட்டலம் கையில் சுட்டது. அம்மாவிடம் சொல்லாதே என்று வழியெல்லாம் அண்ணன் கெஞ்சினான். வாயைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா பன்னை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ரெண்டு தின்பாராமா?"

"ஆமாம்மா."

"அங்க தின்னுட்டு வந்துதானா நான் போட்ட சோத்தை அம்புட்டையும் தின்னாரு?" சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "சந்தைக்குப் போன களைப்புன்னு மறு சோறு வேற போடுவேன்டி. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லலையே மனுசன்."

திவசத்தன்று அண்ணன் விடிவதற்குள் போய்ச் சூடாகப் பன் வாங்கி வந்தான். கடை ரொட்டியையா படையலில் வைப்பது என்று அத்தை எகிறினாள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இலையில் முதலில் இரண்டு பன்னை வைத்தாள். பிறகு வடை, கச்சாயம், மொச்சைக் குழம்பு, எல்லார் ஆசைக்கும் ஒவ்வொன்று. கடைசியாக நான் சோற்றை அள்ளி வைக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சமாப் போடு. இன்னிக்காச்சும் வயித்துக்கு ஏத்தாப்புல சாப்பிடட்டும்."