பாலிதீன் போர்த்திய நாற்காலி

கீழ்க் கடைவாய்ப் பல் வீங்கியபோது சங்ககிரியில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். எனக்கும் கணவருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. எந்த மருத்துவரிடம் போனாலும் அதைச் சொல்லிவிடுவது நல்லது என்று மாத்திரை வாங்கும் மையத்தில் சொல்லியிருந்தார்கள். சொன்னதைச் செய்கிறவள் நான். சொன்னேன்.

மருத்துவருக்கு என் வயதுதான் இருக்கும். கையிலிருந்த சிறு கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்டூலைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"ஊட்டுக்காரர் என்ன பண்றாருங்க?"

"ரிக் வண்டியில போறாருங்க. ஊரூராப் போயி போர்க் கெணறு போடற வேலை."

அதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையசைத்தார். என் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டதைக் காட்டும் சோதனை முடிவு பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

"நீங்களே படிங்க," என்றார்.

படித்தேன். மாத்திரை எழுதிக்கொடுத்து, சனிக்கிழமை கடைசி ஆளாக வரச் சொன்னார்.

அன்று எனக்கு முன்னால் போனவர்களைத் திறந்திருந்த கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்குப் பல் பிடுங்கிய இடுக்கியை உதவியாளர் அக்கா ஒரு தட்டிலிருந்த நீலத் திரவத்தில் முக்கி, துணியில் துடைத்து, அடுத்தவருக்கு எடுத்துக் கொடுத்தார். என் முறை வந்ததும் நாற்காலி, விளக்கு, குழாய் எல்லாவற்றையும் பாலிதீனால் சுற்றினார். சுத்தம் செய்த கருவிகளை வைத்து ஒட்டி மூடிய புதுப் பொட்டலத்தைப் பிரித்தார். சொன்னவளுக்கு மட்டும் இவ்வளவு. சொல்லாதவர்களும், தங்களுக்கு இருப்பதே தெரியாதவர்களும் அந்த நீலத் தட்டைத்தானே கடந்து போயிருப்பார்கள்?

மருத்துவர் கதவருகே நின்றே, "சேலத்துக்கே போயிருங்க," என்றார்.

மாமியாரிடம் என்ன சொல்லி மகளை விட்டுப் போவது என்று யோசித்ததில் நாள் போனது. வீக்கம் கழுத்துவரை இறங்கி, வாய் திறக்கவே முடியாமல் போயிற்று. சேலத்தில் தாடைக்குக் கீழே கீறிச் சீழ் எடுத்தார்கள்.

அங்கே பார்த்த டாக்டரம்மா நான் சொன்னதைக் கேட்டு, "சரி, மாத்திரை விடாம சாப்பிடறீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் எனக்கு அடுத்தவருக்கும் ஒரே மாதிரி கையுறை, ஒரே மாதிரி பொட்டலம். "அப்பவே பிடுங்கியிருந்தா இந்தக் கீறல் வேண்டியதில்ல," என்றார்.

மாமியாரிடம் கட்டி என்று சொன்னேன். எங்கள் நோய் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வாரத்துக்குள் ஊருக்கே தெரியும். மகளுக்கு நோயில்லை என்று சோதனையில் உறுதியாகிவிட்டது. ஆனால் பள்ளியில் அவளைத் தனியாக உட்காரவைப்பவர்கள் சோதனை முடிவையா கேட்கப்போகிறார்கள்?

பிறகு மாமியாருக்கே பல்வலி வந்தது. சங்ககிரி டாக்டர் கைராசிக்காரர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"சேலத்துக்குப் போலாங்க அத்தை."

"ஒரு பல்லுக்குச் சேலமா? நீ போயித் தாடையக் கிழிச்சுட்டு வந்தது பத்தாதா?"

அந்த நீலத் தட்டை நினைத்து அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. கூடவே போனேன். உதவியாளர் அக்காவிடம் மெதுவாக, "இவங்களுக்குப் புதுப் பொட்டலம் பிரிச்சுருங்கக்கா," என்றேன்.

என் முகத்தையும் தாடைத் தழும்பையும் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். "நல்ல வேளை, சொன்னீங்க," என்று எங்களைக் கடைசியாக உட்காரவைத்தார். எங்கள் முறை வந்ததும் பாலிதீன் உருளையோடு உள்ளே போனார்.

இவருக்கு அந்த நோய் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீலத் தட்டுதான் வரும்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா அம்மணி, வேற ஆருக்காச்சும் இப்படிப் போத்துனாங்களா? ஆளப் பாத்துத்தான் மரியாதை."

மருத்துவர் வந்தார். போர்த்திய நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவருகே நின்றே மாத்திரை எழுதிக்கொடுத்து, சேலத்தில் காட்டச் சொன்னார்.

பேருந்தில் அத்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். அன்று எனக்கு எழுதிக்கொடுத்த அதே மாத்திரையின் அட்டை என் கையில் இருந்தது.

"அத்தனையும் போத்திப்போட்டு ஏன் தொடவே இல்ல?"

"வீக்கம் வத்தோணுமாமுங்க."

கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "இருந்தாலும் பக்கத்தூட்டுல சொல்லோணும். நமக்கு நாற்காலியவே போத்துனாங்கன்னு."

"சொல்ல வேண்டாங்க அத்தை."

"ஏஞ் சொல்லக்கூடாது?"

ஊர் வருவதற்குள் எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.