உம்மாவின் ஜன்னலுக்குப் பண்டாரவளையிலிருந்து ஒரு நிழற்செடி

எண்பத்திரண்டாம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் பண்டாரவளைக்குப் போய் வந்தேன். வழியை எழுதித் தரும்படி கேட்டவர் ஒரே ஒருவர். பகலில் எழுத முடியாது. விளக்கைக் குறைத்துவைத்து எழுதுகிறேன்.

வாப்பா காய்ச்சலில் மௌத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. உம்மா இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டுக்குள்ளேயே இருப்பது எங்கள் வழக்கம். உம்மாவின் ஜன்னலுக்கு வெளியே உயர்ந்த மதில், மேலே பலாமரம். வெயில் விழாத அந்த இடத்தில் வைத்த ரோசாவும் செவ்வந்தியும் செத்துப்போயின. உம்மா வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளுக்கு நாள் சோறும் பேச்சும் குறைந்தன. எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் விஞ்ஞான ரீச்சர் பண்டாரவளைக்காரர். நிழலிலேயே வளரும் பெர்ஜீனியா என்ற செடி தன் ஊரில் கிடைக்கும் என்று சொன்னார். உம்மாவின் தம்பி, என் மாமா, அந்த ஊர்ச் சந்தைக்கு லொறியில் கருவாடு ஏற்றுபவர். ஆனால் துக்க வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளை லொறி ஏறியது முன்வீட்டுப் பெரியவாப்பாவுக்கு, அதாவது வாப்பாவின் அண்ணனுக்குத் தெரிந்தால் என் பள்ளிக்கூடம் அன்றோடு நின்றுவிடும். அதனால் மருதமுனையில் உம்மாவின் தங்கை, என் சாச்சி வீட்டில் இரண்டு நாள் தங்கப்போவதாக உம்மாவிடம் சொன்னேன்.

அதிகாலை மூன்றரைக்கு மருதமுனையில் லொறி கிளம்பியது. கல்முனையில் எங்கள் தெருமுனை வந்ததும் சீட்டுக்குக் கீழே குனிந்தேன்.

“நிமிரு புள்ள. பெரியவாப்பா இந்நேரம் குறட்டை விட்டுக்கிட்டு இரிப்பாரு,” என்று மாமா சிரித்தார்.

மாவடிப்பள்ளி வயல்கள் இருட்டில் கழிந்தன. அம்பாறையில் விடிகாலைச் சுபஹு தொழுதோம். சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய. அங்கே இஞ்சித் தேத்தண்ணீர் குடித்தோம். பிறகு எல்ல என்ற ஊருக்கு மலையேற்றம். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். பண்டாரவளையில் இறங்கும்போது மணி பத்து. லொறி மீட்டரில் நூற்றிருபத்து மூன்று மைல்.

செடி விற்றவர் தேயிலைத் தோட்டத்துத் தமிழர். செடியின் இலை யானைக் காது போல அகலமாக, தோல் மாதிரித் தடிப்பாக இருந்தது. அவர் இலையை விரலால் தேய்க்க, ‘கீச்’ என்று சத்தம் வந்தது.

“பூக்குமா?” என்று கேட்டேன்.

“பொய் சொல்ல மாட்டேன் பாப்பா. இது குளிருக்குப் பூக்கிறது. ஒங்க ஊரு சூட்டுல எல நின்னாலே பெருசு. கெழங்கப் பாதி மண்ணுக்கு மேல வையி. தண்ணி மட்டும் தேங்கக் கூடாது.”

ஏழு ரூபா ஐம்பது சதம். இரவு ஏழரைக்கு மருதமுனைக்குத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் ஜன்னலுக்கு நேர் கீழே நட்டேன். சாச்சி தந்தது என்று இன்னொரு பொய்யும் சொன்னேன். பத்தே நாளில் இலைகள் மஞ்சளாகின. தேங்கிவிடுமென்று தண்ணீரே ஊற்றவில்லையே என்று நான் அழுதுகொண்டிருக்க, உம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

“நீ ஊத்தல்ல புள்ள, நான் ஊத்துறன். அஞ்சு நேரமும் தொழ முன்ன ஜன்னலடியில கை கால் கழுவி ஒளு எடுக்கிற தண்ணி அதுட தலையிலதானே உழுகுது. ஒசரமா மண்ணக் கூட்டி அங்கால வை. நான் இனி பேசின் சட்டிக்குள்ள ஒளு எடுக்கிறன்.”

இரண்டு மாதத்தில் உம்மா இவ்வளவு நீளமாகக் கதைத்தது அன்றுதான். அழுகிய கிழங்கை வெட்டியெறிந்து, மிச்சத்தை மேட்டில் நட்டேன். உம்மா கம்பிகளுக்கிடையே கை நீட்டி இலையைத் தடவினார். கீச். திடுக்கிட்டு, பிறகு சிரித்தார்.

“சரி, சொல்லு. மருதமுனைச் சாச்சி நெசவுதானே செய்றா? அண்டைக்கு உன்ட உடுப்புல அவ்வளவு கருவாட்டு மணம் எங்கால வந்த?”

நான் முன்வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“பெரியவாப்பாக்கு நான் சொல்ல மாட்டன். நீ போன வழிய எனக்கு எழுதித் தா. இத்தா முடிய நானும் போவணும்.”

இன்று ஒரு புதுத் துளிர் விரிந்திருக்கிறது.

உம்மா, இன்னும் ஏழு வாரம். போகும்போது மலையேறுவதற்கு முன் வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். சால்வை எடுங்கள். பையைக் கருவாட்டு மூட்டைமேல் வைக்காதீர்கள். இதை வாசித்து முடித்ததும் இலையை ஒரு தடவை தேயுங்கள். சத்தம் கேட்டதும் வந்து தாளை வாங்கி அடுப்பில் போட்டுவிடுகிறேன்.