தண்ணீருக்குள் இறங்கிய படிகள்

அணையில் தண்ணீர் ஏறிய மறு வருஷம், மே மாதம், அப்பா எங்களைத் தீவு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். "நம்ம சனம் சிலோனுக்குக் கப்பல்ல போச்சு. நாம வள்ளத்துல போவோம்" என்று சிரித்தார். வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தைத் தாண்டாத எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

உண்மையில் அது ஒரு குன்றின் தலை. உடம்பெல்லாம் தண்ணீருக்குள். அந்தச் சரிவில்தான் அத்தையின் வீடு இருந்தது. முற்றத்தில் மாமாவைப் புதைத்த இடமும். அணைக்காக அங்கிருந்து குடியிறக்கி வெளியேற்றியபோது எங்களோடு வந்தவள், அதன்பின் வாய் திறப்பதே அபூர்வம். அவளுக்கு மனசு மாறட்டும் என்றுதான் இந்தப் பயணம். அதற்கு அந்த இடத்தையே தேர்ந்தெடுத்த அப்பாவை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, பாதியில் நின்றும்விடுகிறது.

வள்ளக்காரர் "ஒரு மணிக்கூர்" என்று விரலைக் காட்டி, ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். அம்மா கல் கூட்டிக் கப்பைக்கிழங்கு வேகவைத்தாள். கரையோரம் கல்படிகள் இறங்கி இறங்கி, நிற்காமல் தண்ணீருக்குள் போயின. மூன்று படி எண்ண முடிந்தது. அதற்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே கறுப்பு.

"நம்ம வீட்டுக்குப் போற படி" என்று அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவும் நானும் தீவைச் சுற்றினோம். தண்ணீரின் நடுவே இலையில்லாத பலாமரங்கள் கைகளை மட்டும் நீட்டி நின்றன. ஒரு கொக்குகூட அவற்றில் உட்காரவில்லை. நான் முன்னால் ஓடினேன். அப்போது பனிமஞ்சு மூடியது. நடுப்பகல் வெளுத்து, என் கை எனக்கே தெரியவில்லை.

ஏலக்காட்டுப் பிள்ளைக்கு இதில் பயமில்லை. ஆளுயர ஏலத்தட்டைகளுக்குள் யாரும் யாரையும் பார்க்க முடியாது, அதனால் கூவுவோம். கேட்டவர் திருப்பிக் கூவியாக வேண்டும், பேச்சு முறிந்த பங்காளியானாலும். நான் கூவினேன். அடுப்புப் பக்கம் அம்மா. பாறைப் பக்கம் அப்பா. அத்தை இல்லை.

மறுபடி கூவினேன். அம்மா. அப்பா. இந்த முறை அப்பாவின் குரல் உடைந்திருந்தது. "நிறுத்தாத புள்ள! கூவிக்கிட்டே இரு!"

தொண்டை கிழியக் கூவினேன்.

தண்ணீரிலிருந்து பதில் வந்தது. தூக்கத்தில் உளறுவதுபோல, சின்னதாக ஒரு கூ.

"எக்கா!" அப்பா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும் சத்தம். மஞ்சு விலகிய இடத்தில் பார்த்தேன்: கழுத்தளவு தண்ணீரில், எங்களுக்கு முதுகு காட்டி, அத்தை. சேலை அவளைச் சுற்றி மிதந்தது, அடியிலிருந்து யாரோ நீவிவிடுவதுபோல. அப்பா கையைப் பிடித்ததும் மறுக்காமல் ஏறி வந்தாள். "கால் நனைக்கப் போனேன்" என்றாள். அம்மா தலையைத் துவட்டிவிட்டாள்.

திரும்புகையில் அத்தை என்னை ஒட்டி உட்கார்ந்தாள். வள்ளம் நடுத்தண்ணீருக்கு வந்ததும் என் காதருகே குனிந்து, "ஏட்டி, எதுக்குக் கூப்பிட்ட?" என்றாள்.

சத்தம் போட்டதற்குத்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். "இனிமே கத்த மாட்டேன் அத்தை" என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.