ஆறுமுகப் பெட்டியின் ஊமைப் பொத்தான்

அதை இழுத்தால் முதலில் வருவது சத்தமல்ல, வாசனைதான்; மழையில் நனைந்த செருப்பை அடுப்படியில் காயப்போட்டது போன்ற ஒரு வாசனை. அதற்காகவே அம்மா அதைப் பூஜை மாடத்துப் பக்கம் அண்டவிடவில்லை. திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்த காலம் அது. வெள்ளைக்காரன் போவதற்கு முந்தின வருஷம். அரக்கோணம் ரயில்வே காலனியில் சீமைக்குக் கப்பலேற இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் தட்டுமுட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, நாற்காலி வாங்கப் போன எங்கள் நைனா, இரு பக்கமும் அறுகோண மரப்பலகை, நடுவே தோல் மடிப்பு, பக்கத்துக்குப் பத்துப் பொத்தான் என்று ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நாற்காலி எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "எண்ணிப் பாரு, ஆறு பக்கம் கீது. நம்ம ஆறுமுகனுக்குன்னே செஞ்சிகீறான்" என்றார். அது 'கான்சர்டினா' என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் அதற்கு 'ஆறுமுகப் பெட்டி' என்று பெயர் விழுந்தது.

வலது கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் தனியாக இன்னொரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் 'புஸ்' என்று காற்றுதான் வரும். அந்த 'ஊமைப் பொத்தானை'க் காட்டியே விலையைக் குறைத்த தம் சாமர்த்தியத்தை, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான நைனா ஆபீஸ் முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார். பத்து வயசுக்காரியான நான் கை வைத்தால் பழுது முற்றிவிடும் என்று என்னை அதைத் தொடவிட மாட்டார்.

நைனாவுக்குப் பாட வராது. ஊருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். படியேறி மலைக்குப் போகும் பஜனைக் கோஷ்டியில் அவருக்கு இருந்த ஒரே இடம், ஆர்மோனியத்தில் சுருதி பிடிப்பதுதான். அந்த வருஷம் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட, "இன்னாத்துக்குக் கவல? என்னாண்ட கீது" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆறுமுகப் பெட்டியோடு ஒத்திகைக்குப் போனார், நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

இழுத்தபோது சுருதி கணீரென்று நின்றது. கோஷ்டிக்குத் தலைவரான பாகவதர் கண்ணை மூடிப் பாட்டை எடுத்தார். பெட்டி விரிந்து முடிந்ததும் நைனா விரலை எடுக்காமல் அமுக்க, சுருதி வேறெங்கோ தாவியது; பாகவதரும் தாவினார். மறுபடி இழுக்க, அவரும் இறங்கி வந்தார். நாலைந்து முறை ஏறி இறங்கிய பிறகு கண்ணைத் திறந்தார். "யோவ், என் தொண்டைய ஊஞ்சல்னு நெனச்சிகினியா? ஆடிக் கிருத்திகைக்குள்ள இத்த சரி பண்ணு. இல்லன்னா சுருதிக்கு வேற ஆள வெச்சிக்கிறேன்." வீடு திரும்பும் வழியெல்லாம் நைனா பெட்டியை இழுத்தும் அமுக்கியும் பார்த்துக்கொண்டே வந்தார். கோஷ்டியில் இல்லாத நைனாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் சைக்கிள் கடை பாய் திருகாணிகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். "இது ரிப்பேர் இல்லீங்க சார். பொத்தானுக்கு ரெண்டு நாக்கு வெச்சிகீறான். இழுத்தா ஒண்ணு பேசுது, அமுக்கினா இன்னொண்ணு பேசுது. மாத்தணும்னா செஞ்சவனத்தான் கூப்டணும்." செய்தவன் சீமையில் இருந்தான், கிருத்திகைக்கு நாலு நாள்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தடுக்க ஆளில்லாத தைரியத்தில் நான் பெட்டியை எடுத்து, சுருதிப் பொத்தானைப் பிடித்து விரித்து, பிறகு அந்த ஊமைப் பொத்தானை அமுக்கிக்கொண்டே மூடினேன். ஒரு முனகல்கூட இல்லாமல் பெட்டி நொடியில் மூடிக்கொண்டது. மறுபடி இழுத்தேன், பழைய சுருதியே வந்தது.

"நைனா, பாருங்க! ஊமைய அமுக்கிகினு மூடினா சுருதி மாறவே இல்ல!"

அடிக்கத்தான் எழுந்தார், பாதி வழியில் நின்றுவிட்டார். படிக்கு ஓரடி பாடிவிட்டு அடுத்த படிக்கு ஏறுவது எங்கள் கோஷ்டியின் வழக்கம். பாட்டில் ஓரடிக்குப் பெட்டியில் ஓர் இழுப்பு. கால் தூக்கி வைக்கிற நேரத்தில் ஊமைப் பொத்தானால் ஒரு மூச்சு. நைனா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

கிருத்திகையன்று முந்நூற்று அறுபத்தைந்து படியும் சுருதி அசையவில்லை. சிரமமெல்லாம் பாகவதருக்குத்தான். ஒரே அடியைக் கால் மணி நேரம் இழுக்கிற அவர், பெட்டி விரிந்து முடிவதற்குள் பாடி முடிக்க வேண்டியதாயிற்று. "பொட்டிக்கு மூச்சு முட்டுதுங்க" என்று நைனா பணிவாகச் சொல்ல, "உன் பொட்டியக் கேட்டுகினுதான் நான் பாடணுமாய்யா?" என்று அவர் மலை உச்சி வரை பொருமிக்கொண்டே வந்தார். ஆனால் வெயில் ஏறுமுன் சாமியைப் பார்த்துவிட்ட ஜனங்கள் பெட்டிக்கே விபூதி பூசிவிட்டார்கள். விபூதி பூசியதை வெளியே வைக்க முடியுமா? அன்றிலிருந்து அம்மா, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதைப் பூஜை மாடத்திலேயே வைத்தாள்.

இப்போது மலைமேல் பஸ் போகிறது. பஜனையை ஒலிபெருக்கி பார்த்துக்கொள்கிறது. பாகவதரும் இல்லை, நைனாவும் இல்லை. போன மாதம் பழைய வாத்தியங்கள் சேகரிக்கும் ஒருவர் வந்து பார்த்து, அதன் பெயரைச் சொன்னார். ஊமைப் பொத்தான் பழுதே அல்லவாம். சத்தமில்லாமல் காற்றை வாங்கி விடவே வைத்ததாம். அதற்கா விலையைக் குறைத்தார் அந்த டிரைவர் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

இருபது பொத்தானுக்கும் நாக்கு துருப்பிடித்துவிட்டது. எதை அமுக்கினாலும் பேச்சில்லை. ஊமை மட்டும் வேலை செய்கிறது. கட்டைவிரலால் அமுக்கினால் 'புஸ்' என்று ஒரு மூச்சு வருகிறது. நைனா அடுத்த படிக்குக் கால் தூக்குகிறார்.